பந்திக்குப் பிந்திய ஒன்பது வருடம்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வது. முதலில் அப்பத் தட்டு வரும். அதன் பின்னாலேயே சின்னக் கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய வட்டத் தட்டு வரும். அவரவர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டை வாங்கி, ஒன்றும் எடுக்காமல், யாருக்கும் தெரியாமல் அடுத்தவர் கைக்குக் கடத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இடது கையால் வாங்கி, வலது கையைக் குவளைகளின் மேல் ஒரு நொடி கொண்டுபோக வேண்டும். விரல்களை மூடிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும் நேரம், யாரும் பார்க்க மாட்டார்கள். மனைவியை ஏமாற்றுவதுதான் கஷ்டம். என் மனைவிக்கு இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒன்பது வருடம். மாதத்துக்கு ஒன்று என்றால் நூறு தடவைக்கு மேல்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை எழுதினால் நான் ஏதோ ரொம்பத் தாழ்மையுள்ளவன் என்று ஆகிவிடும். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் மதியம் என் கம்ப்யூட்டர் மக்கர் செய்ததால், சாப்பிடப் போயிருந்த ஒரு தம்பியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவசரமாகப் பணம் அனுப்பினேன். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை அனுப்பிவிட்டேன். பெரிய தொகை. வாங்கியவர் திருப்பித் தரவில்லை. விசாரணை வந்தபோது அந்தத் தம்பியின் பெயரில்தான் பதிவு இருந்தது. "நான் இல்லை சார்" என்று அவன் சொன்னபோது நானும் அதே அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்தது முதல் ஞாயிறு.

அன்று தட்டு என் கைக்கு வந்தபோது, அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனம்தான் காதில் விழுந்தது: "எவன் அபாத்திரமாய்க் கர்த்தருடைய அப்பத்தைப் புசித்து..." தகுதியில்லாதவன் சாப்பிட்டால் குற்றவாளி என்று அதை எடுத்துக்கொண்டேன். தட்டைக் கடத்திவிட்டேன்.

முதல் சில மாதங்கள் அது நேர்மையான பயம். அதை இப்போதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயம் பழகிப்போனால் ஒரு வசதியாகிவிடுகிறது. ஒரு கட்டத்தில் சபையில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகக் கை தூக்கினேன். மிக்சர் மேசை கடைசி வரிசைக்கும் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டு அங்கே வராது. போதகர் என்னைப் புகழ்ந்து ஜெபித்தார். அதோடு நிற்கவில்லை. நாற்காலி அடுக்குவது, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வண்டி ஓட்டுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது என்று எதையும் விடவில்லை. அவனைப் போல ஊழியம் செய்ய ஆள் இல்லை என்றார்கள்.

கெட்ட குமாரன் கதையை வாசித்தவர்களுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். லூக்கா 15-இல், அப்பாவிடம் பங்கு வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்ட அந்தப் பிள்ளை பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். பாவஞ்செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். 18, 19-ஆம் வசனங்களில் இந்த மூன்றும் இருக்கின்றன. 21-ஆம் வசனத்தில் அப்பாவுக்கு முன்னால் நின்று பேசும்போது இரண்டுதான் இருக்கின்றன. கூலிக்காரன் வரியைக் காணோம். அதைச் சொல்ல அப்பா விடவில்லை, அதற்குள் வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆட்களை விரட்ட ஆரம்பித்துவிட்டார். நானோ அந்த மூன்றாவது வரியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் கூலி வேலை பார்த்தேன். கூலிக்காரனாக இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. செய்ததற்கு வாங்கினோம், யாருக்கும் கடன் இல்லை. பிள்ளையாக இருப்பதுதான் கூச்சம்.

மாறியது ஒரு பெரிய எழுப்புதல் கூட்டத்தில் அல்ல. பாத்திரம் கழுவும் இடத்தில்.

திருவிருந்துக் குவளைகளைக் கழுவுவது எங்கள் சபையில் ஒரு வயதான அம்மாவின் வேலை. ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். மைக் பெட்டியும் அதே அறையில்தான் இருக்கும். ஒருநாள் நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "தம்பி, கை சும்மா இருந்தா இதைத் துடைச்சுக் குடு" என்றார். சும்மா இல்லைதான். ஆனாலும் போனேன். குவளை ரொம்பச் சின்னது, உள்ளே விரல் போகாது. துணியின் முனையை முறுக்கி உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும்.

பத்துப் பதினைந்து துடைத்திருப்பேன். "நீ எடுக்கிறதில்லையே தம்பி" என்றார், முகத்தைப் பார்க்காமலே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் சொன்னது என்றேன்.

"யாரு சொல்லணும்? பின்னாடி மேசைக்குன்னு ஒண்ணு தனியா ஊத்தி அனுப்புறேன். மாசாமாசம் நிறைஞ்சபடியே திரும்பி வருது."

உண்மைதான். ஒரு மூப்பர் அதைக் கொண்டுவந்து மிக்சர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் எழுந்து பாடும்போது நானே அதைக் கொண்டுபோய் காலித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவேன். அந்தக் குவளையை யாரோ எனக்கென்று ஊற்றுகிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நான் அந்த மேசைக்குப் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. திரும்பி வரும் என்று தெரிந்தும் ஏழு வருடம் ஊற்றி அனுப்பியிருக்கிறார்.

"நான் அதுக்குப் பாத்திரன் இல்லம்மா" என்றேன். அந்த நேரத்தில் வேதாகமத் தமிழ்தான் வாயில் வந்தது.

அவர் கையிலிருந்த குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விளிம்பில் கொஞ்சம் கறை. மறுபடியும் தண்ணீரில் போட்டார். "பாத்திரம் தன்னைத்தானே கழுவிட்டு வரும்னா நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?" என்றார். ஏதோ பெரிய வார்த்தை சொல்லிவிட்ட தோரணையெல்லாம் இல்லை. அடுத்த நிமிடம் தன் பேத்தியின் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான்தான் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அதன் பிறகும் ஏழு மாதம் அந்தக் குவளை நிறைந்தபடியேதான் திரும்பிப் போனது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் சில வேலைகள் செய்தேன். இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு அவை பயன்படலாம்.

முதலாவது, என்னைத் துரத்திய வசனத்தை முழுசாக உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பது வருடம் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னை நானே அடித்துக்கொண்டிருந்தேன், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 1 கொரிந்தியர் 11-இல் இருப்பது "அபாத்திரமாய்". அபாத்திரன் என்று இல்லை. அந்த "ஆய்" எப்படிச் சாப்பிடுகிறான் என்பதைச் சொல்கிறது, சாப்பிடுகிறவன் யார் என்பதை அல்ல. கிரேக்க மூலத்திலும் அது வினையுரிச்சொல்தான். அப்படி என்ன விதமாகச் சாப்பிட்டார்கள்? 21-ஆம் வசனம் சொல்கிறது: அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியானவர்கள் வயிறு நிறைய உண்டு குடிக்க, இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 33-ஆம் வசனத்தில் பவுல் சொல்லும் பரிகாரம் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. பந்திக்கு முந்தியவர்களைக் கண்டித்த வசனத்தை வைத்துக்கொண்டு நான் பந்திக்குப் பிந்தியிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பவுலின் எச்சரிக்கை லேசானது என்று சொல்ல வரவில்லை. அது கடுமையானதுதான். ஆனால் 28-ஆம் வசனத்தை நிதானமாகப் பாருங்கள். மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கக்கடவன் என்று இருக்கிறது. சோதித்தறிந்து ஓடிப்போகக்கடவன் என்று இல்லை.

பாத்திரன் என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டே போனபோது லூக்கா 7-இல் நின்றேன். நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு படைவீரர்களுக்குத் தலைவன் ஒருவனின் வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். ஊர் மூப்பர்கள் இயேசுவிடம் வந்து, அவன் பாத்திரனாயிருக்கிறான், நமக்கு ஜெப ஆலயம் கட்டித் தந்தவன் என்று சிபாரிசு செய்கிறார்கள். அவனோ, நீர் என் வீட்டு வாசலுக்குள் வர நான் பாத்திரன் அல்ல என்று ஆள் அனுப்புகிறான். இரண்டு பக்கமும் தகுதியைப் பற்றியே பேசுகிறார்கள். இயேசு அந்த விவாதத்துக்குள் போகவே இல்லை. ஆமாம் தகுதியானவன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுடைய விசுவாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார், வேலைக்காரன் சுகமாகிறான். கத்தோலிக்க நண்பர்கள் நற்கருணை வாங்குமுன் நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொல்லியருளும் என்று சொல்வது இந்த அதிபதியின் வார்த்தையிலிருந்துதான். சொல்லிவிட்டு அவர்கள் திரும்பிப் போவதில்லை, எழுந்து போய் வாங்கிக்கொள்கிறார்கள். அது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

இரண்டாவது வேலை, என் பாவ அறிக்கையைத் திருத்தியது. அதுவரை நான் தினமும் ஜெபித்தது "ஆண்டவரே, நான் ஒன்றுக்கும் உதவாதவன், புழு, குப்பை" என்கிற தோரணையில். கேட்க பக்தியாக இருக்கும். ஆனால் அதில் எந்தத் தகவலும் இல்லை. எதை மன்னிக்க வேண்டும் என்றே அதில் சொல்லவில்லையே. ஒரு காகிதத்தில் எழுதினேன்: இந்தத் தேதியில் இந்தப் பில்லுக்கு நான் இரண்டு தடவை பணம் அனுப்பினேன், இன்னார் மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டே வரி. எழுதி முடித்தபோது வியர்த்துவிட்டது. நான் குப்பை என்று ஆயிரம் தடவை சொன்னபோது ஒரு தடவைகூட வியர்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. சிலருக்குச் செய்யாததெல்லாம் பாவமாகத் தெரியும், அறிக்கை செய்ததையே மறுபடி மறுபடி செய்வார்கள். பின்னாளில் இயேசு சபைத் துறவிகளின் அமைப்பைத் தொடங்கிய லொயோலா இக்னேஷியஸ் 1522-இல் மன்ரேசா என்ற ஊரில் இதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். பழைய பாவங்களில் மிகத் தெளிவாகத் தெரிவதை மட்டும் சொன்னால் போதும் என்று அவருடைய குரு கட்டளையிட்டார். பலன் இல்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! அந்த ரகமானவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டாம். முதிர்ந்த ஒருவரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு, அவர் போதும் என்றால் நிறுத்திவிடுவதுதான் அவர்களுக்குச் சரி.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பழைய சக ஊழியர் ஒருவரிடம் நம்பர் வாங்கி அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். இங்கே இரண்டு வசனங்கள் எனக்குள் சண்டை போட்டன. மத்தேயு 5-இல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார். ஆகவே அதைச் செய்யும்வரை கிட்டே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வசனத்தில் "போ"வும் இருக்கிறது, "பின்பு வந்து" என்பதும் இருக்கிறது. நான் போகவும் இல்லை, வரவும் இல்லை. இன்னொரு பக்கம் சகேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூல்காரன். அவன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. மரத்தில் இருக்கும்போதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும், இறங்கி வா என்கிறார். அதற்கு அப்புறம்தான் அவன் பணப்பையைத் திறக்கிறான். யாரோ தன்னை வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மனுஷனுக்குத் தன் கணக்கை வெளியே எடுக்கத் தைரியம் வருகிறது. எனக்கு அந்த நிறைந்த குவளைதான் தைரியம் கொடுத்தது.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அண்ணே, எனக்கு அப்பவே தெரியும். சாப்பிட்டுட்டு வரும்போது என் சீட்ல நீங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டான். "எழுதித் தர முடியுமாண்ணே? என் மாமனார் வீட்ல இன்னும் நான் கை நீட்டிட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க." எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அதன் நகலைப் பழைய நிறுவனத்துக்கும் அனுப்பினேன், அங்கிருந்து பதில் இல்லை. தம்பியிடமிருந்து "வந்துச்சு" என்று ஒரு வார்த்தைச் செய்தி வந்தது. அவ்வளவுதான். அவன் மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தேவன் மன்னித்துவிட்டார் என்பதைக் காட்டி அவனை அவசரப்படுத்துவதும் அயோக்கியத்தனம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதில் நான் இன்னும் தேறவில்லை. மனதில் நிம்மதி வந்தால்தான் மன்னிப்புக் கிடைத்ததாக அர்த்தம் என்று நினைக்கும் பழக்கம். போன் பேசிய பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. வில்லியம் கூப்பர் என்கிற ஆங்கிலக் கவிஞரைப் பற்றித் தெரிந்தபோதுதான் இந்தப் பழக்கம் ஆட்டம் கண்டது. அவரும் அவருடைய நண்பர் ஜான் நியூட்டனும் எழுதிய பாடல்கள் 1779-இல் தொகுப்பாக வந்தன. கிறிஸ்துவின் இரத்தம் எந்தப் பாவியையும் கழுவும் என்று கூப்பர் எழுதியதை உலகம் முழுக்க இன்றும் பாடுகிறார்கள். ஆனால் 1773-இல் வந்த மனநோய்க்குப் பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே அவர் நம்பினார். 1800-இல் இறக்கும்வரை அந்த எண்ணம் அவரை விடவில்லை. அவர் எழுதியது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய மனம்தான் நோயில் கிடந்தது. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20-இல் இருக்கிறது. என் இருதயம் தீர்ப்பு எழுதும் நாட்களில், சரி, நீ எழுதியதை எழுதிக்கொள், உனக்கு மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில நாள் வேலை செய்கிறது.

இதை ஒட்டி ஒரு வார்த்தை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்தால் தேவலை என்ற எண்ணம் வந்தால், அது ஜெபத்தோடு மட்டும் விடும் விஷயமல்ல. நம்பிக்கையானவரிடம் அன்றைக்கே சொல்லி டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை.

அப்புறம், வாங்கிக்கொள்வதற்கு நான் சின்னச் சின்னதாகப் பயிற்சி எடுத்தேன். இது கேட்க அற்பமாக இருக்கும். யாராவது பாராட்டினால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று தட்டிவிடாமல் "நன்றி" என்று மட்டும் சொல்வது. ஒருவர் உதவினால் மறுநாளே பதிலுக்கு எதையாவது செய்து கணக்கை முடிக்காமல் இருப்பது. ஜெபத்தில் முதல் இரண்டு நிமிடம் எதையும் கேட்காமல், மன்னிப்பைக்கூடக் கேட்காமல், "அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது. முதல் வாரம் அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுரு "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று காலை இழுத்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் உடம்பிலேயே புரிந்தது. அதைத் தாழ்மை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று அவருக்குப் பதில் வந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒன்பது வருஷமா தொண்டை சரியில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த முதல் ஞாயிறு, மிக்சர் மேசையை ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டு நாலாவது வரிசையில் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. கை நடுங்கியது, குவளைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. எடுத்தேன். பரலோகம் எதுவும் திறக்கவில்லை. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போதகர் ஆசீர்வாதம் சொல்ல வாயைத் திறந்தபோது ஸ்பீக்கர் "கீ..." என்று அலறியது, நான் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஆராதனை முடிந்து பக்கத்து அறைக்குப் போனேன். அந்த அம்மா ஏற்கெனவே தண்ணீரில் கை வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் துணியை நீட்டினார். வெள்ளைத் துணியின் மேல் குவளைகள் தலைகீழாகக் கிடந்தன. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. எது நான் குடித்தது என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

"விளிம்பை நல்லாத் துடை தம்பி" என்றார்.